குடிகாட்டுப் போர்டிகோ

போன சித்திரையில் குடிகாட்டில் ஒரு புது வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றேன். கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில், சிப்காட் ஆலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். காற்று திரும்பினால் ரசாயன வாடை மூக்கைத் துளைக்கும். வாசலில் ஒன்பது அங்குலச் சதுரத்தில் இரண்டு கான்கிரீட் பில்லர்கள், தளத்தைத் தாங்கிக்கொண்டு ஏற்கெனவே நின்றன. கொத்தனார் ஒரு பில்லரைச் சுற்றி ஃபைபர் அச்சின் இரண்டு பாதிகளையும் பொருத்திப் போல்ட் முடுக்கினார். பில்லருக்கும் அச்சுக்கும் இடையே பொடி ஜல்லிக் கலவை இறங்கியது. பக்கத்தில் முந்தின நாள் வார்த்து அச்சைக் கழற்றிய இன்னொன்று நின்றது: வரிவரியாகக் குழி விழுந்த உருண்டைத் தூண், தலையில் தனியாக வார்த்து ஒட்டிய இலைக்கொத்து. “ரோமன் பில்லர்” என்றார். உள்ளே இருப்பதுதானே பாரம் தாங்குகிறது என்று கேட்டேன். “ஆமா சார். இது சட்ட மாதிரி. மேல மாட்டி வுடுறதுதான்.”

ஒரு கட்டடக் கலைஞரின் தாக்கத்தை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. உடம்பா, சட்டையா? ஒருவர் காலத்தைத் தாண்டி நிற்கிறார் என்றால் அவருடைய எது நிற்கிறது?

கோயிலுக்கு உரிய இந்தத் தூண் முகப்பை வீட்டு வாசலுக்கு மாட்டுவதை ஒரு வழக்கமாகவே ஆக்கியவர் இத்தாலியின் ஆந்திரேயா பல்லாடியோ. 1508இல் பாதுவாவில் மாவு ஆலைக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கல்தச்சரிடம் வேலைக்குச் சேர்ந்தார். விசென்சா நகரத்துப் பிரபுவும் அறிஞருமான திரிசினோ இவரை அடையாளம் கண்டு, ரோமுக்கு அழைத்துப் போய் இடிபாடுகளை அளக்க வைத்தார். ‘பல்லாடியோ’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 1570இல் வெனிஸில் கட்டடக்கலை பற்றிய நான்கு நூல்கள் ஒரே தொகுப்பாக வந்தன. பத்தாண்டு கழித்து இறந்துபோனார். அவர் கட்டியதெல்லாம் பெரும்பாலும் வெனிஸையும் விசென்சாவையும் சுற்றிய ஒரு சிறு வட்டாரத்துக்குள். ஆனால் 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவரை அமெரிக்கக் கட்டடக்கலையின் தந்தை என்று தீர்மானம் போட்டது. மேற்கே இவ்வளவு நீண்ட வால் உள்ள கட்டடக் கலைஞர் வேறு யாருமில்லை என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். அதை மறுக்க நான் வரவில்லை. அந்த வால் நம் ஊர்வரை வந்தபோது அதில் உயிர் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

முதலில் அவர் செய்ததைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். விசென்சாவுக்கு வெளியே ஒரு மேட்டில் நிற்கிற ரொட்டோண்டாதான் எல்லாப் புத்தகத்திலும் வரும்: நான்கு பக்கமும் ஆறாறு தூண்கள், நான்கு பக்கமும் படிக்கட்டு, நடுவில் குவிமாடம். பணி ஓய்வு பெற்ற ஒரு சமய அதிகாரிக்காகக் கட்டிய சொகுசு வீடு அது. அதை வைத்து அவரை எடைபோடுவது, சாந்தி முகூர்த்தப் பட்டுச் சேலையைப் பார்த்து ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கணிக்கிற மாதிரி. அவருடைய முக்கியமான வேலை பண்ணை வீடுகள். வெனிஸ் பிரபுக்கள் கடல் வணிகத்திலிருந்து நிலத்துக்குத் திரும்பிய காலம். சதுப்பு வடித்து விவசாயம் பார்க்க வந்த முதலாளிக்குக் கிராமத்தில் ஒரு வீடு வேண்டும். அந்த வீடே களஞ்சியமாகவும் இருக்க வேண்டும், கௌரவமாகவும் தெரிய வேண்டும், செலவும் மிஞ்சக் கூடாது. ஃபன்சோலோ என்ற ஊரில் உள்ள எமோ குடும்பத்து வீட்டைப் பாருங்கள். நடுவில் வீடு, இரண்டு கையையும் நீட்டியது போல இரு பக்கமும் வளைவு வளைவாக நீண்ட கொட்டகைகள்: கலப்பை, வண்டி, தீவனம் எல்லாம் அங்கே. தானியம் மேல்தட்டில். மழையில் நனையாமல் வீட்டுக்காரர் தன் களஞ்சியத்தை நடந்தே பார்த்துவிட்டு வரலாம். நம் பக்கத்தில் குதிரும் பத்தாயமும் களத்துமேடும் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த வீடு சட்டென்று புரியும்.

அந்தப் பண்ணை வீட்டின் நெற்றியில்தான் ரோமக் கோயிலின் முக்கோண முகப்பை வைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் சுவையானது. மனிதன் முதலில் வீடு கட்டினான், பிறகுதான் கோயில். ஆகவே கோயிலின் முகப்பே ஆதியில் வீட்டிலிருந்து போனதுதான், நான் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். வரலாற்றுப்படி தவறு. ரோமர்களின் வீடுகளுக்கு அப்படி முகப்பு இருந்ததில்லை. ஒரு தப்பான யூகம் நானூறு ஆண்டுக் கட்டடங்களைப் பெற்றுப் போட்டிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தத் தூண்கள் பலவும் கல் அல்ல. உருண்டையாகச் சுட்ட செங்கல்லை அடுக்கி மேலே சுதை பூசியவை. தூரத்திலிருந்து பார்த்தால் பளிங்கு, தட்டிப் பார்த்தால் செங்கல். அப்படியானால் குடிகாட்டுக் கொத்தனாரும் அவரும் ஒரே தொழில்தானே? அவசரப்பட்டால் அப்படித்தான் தோன்றும். பல்லாடியோவின் செங்கல் தூண் கூரையைத் தாங்கியது. அதன் தடிமனே அந்த வீட்டின் அளவுக்கு மூலம். டஸ்கன் தூண் என்றால் உயரம் விட்டத்தைப் போல் ஏழு மடங்கு, அயோனிக் ஒன்பது, கொரிந்தியன் ஒன்பதரை, காம்போசிட் பத்து. தூணுக்குத் தூண் இடைவெளிக்கும் கணக்கு உண்டு: டஸ்கனுக்கு நான்கு விட்டம், கொரிந்தியனுக்கு இரண்டு. அறைகளுக்கும் அப்படியே: வட்டம், சதுரம், பிறகு 3க்கு 4, 2க்கு 3, 3க்கு 5, 1க்கு 2, சதுரத்தின் மூலைவிட்டம் என்று ஏழு வடிவங்களைப் பரிந்துரைத்தார். கோடைக்கு வடக்கு பார்த்த பெரிய அறை, குளிருக்குத் தெற்கு பார்த்த சிறிய அறை. பூச்சு அவருக்குச் சட்டைதான். ஆனால் அந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

பிறகு ஏன் சட்டை மட்டும் ஊர் ஊராகப் போயிற்று? காரணம் அந்தப் புத்தகம். அவருக்கு முன்னும் பின்னும் செர்லியோ, விஞோலா, ஸ்கமோட்ஸி என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் பல்லாடியோவின் நூலில் பேச்சு குறைவு, படம் அதிகம். தரைப்படத்திலேயே அறையின் நீள அகலம் எண்ணாக எழுதியிருக்கும். பழைய ரோமக் கோயிலையும் தான் கட்டிய வீட்டையும் ஒரே தொகுப்பில் தைரியமாக வைத்தார். எந்தப் பொறியாளனும் பிரித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அச்சேறிய படங்கள் பலவும் கட்டிய கட்டடத்தோடு ஒத்துப்போவதில்லை. நிலத்தின் கோணல், பழைய சுவர், பாதியில் நின்ற பணம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி வரைந்து வைத்தார். ஆகவே உலகம் கற்றுக்கொண்டது விசென்சாவின் வீடுகளை அல்ல, அந்தக் காகிதத்தை. மண்ணிலிருந்து பிடுங்கிய செடிதான் எங்கும் நடத் தோதானது.

இங்கிலாந்தில் இனிகோ ஜோன்ஸ் 1616இல் கிரீனிச்சில் அரசிக்கு மாளிகை தொடங்கியபோது கையில் அந்தப் புத்தகம் இருந்தது. நூறாண்டு கழித்து, 1715 முதல் லியோனியின் ஆங்கிலப் பதிப்பு வந்தது, 1738இல் ஐசக் வேரின் செம்மையான பதிப்பு. பர்லிங்டன் பிரபு சிஸ்விக்கில் ரொட்டோண்டாவின் தங்கை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டார். கவனியுங்கள், ரொட்டோண்டா மாதிரி. எமோ வீடு மாதிரி அல்ல. கொட்டகை வேண்டாம், குவிமாடம் வேண்டும். ஆங்கிலப் பிரபுவுக்கு வீட்டோடு வைக்கோல் போர் எதற்கு? அவரிடம் ஏற்கெனவே பண்ணை இருந்தது, வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். பல்லாடியோவின் உடம்பில் பாதி இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும்போதே கழன்றுவிட்டது என்பது என் கணிப்பு.

இந்தக் கதையில் கடலூர் எங்கே வருகிறது என்றால், நடுவிலேயே வருகிறது.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடம் வாங்கினார்கள். பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைவரை நிலம் என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்றும் இருக்கிறது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது மாறுவேடம் போட்டுத் தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்த எழுத்தர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். பத்தாண்டு கழித்து, 1756இல் இதே கோட்டைக்குத் துணை ஆளுநராக வந்தார். அடுத்த ஆண்டு பிளாசிப் போர். பிறகு சம்பாதித்ததோடு ஊர் திரும்பி, சர்ரேயில் கிளேர்மாண்ட் பண்ணையை வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டு, பிரவுன், ஹாலந்து என்ற இரு கட்டடக் கலைஞர்களை வைத்து அச்சு அசல் பல்லாடியோ பாணியில் ஒரு மாளிகை எழுப்பினார். தூண் முகப்பு, உயர்ந்த பீடம், அகலப் படிக்கட்டு, எல்லாம் சாஸ்திரப்படி. அதில் குடியிருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை; 1774இல் இறந்துபோனார்.

ஆக, பல்லாடியோ பாணி மேற்கிலிருந்து நமக்கு வந்த பரிசு என்ற பேச்சில் பாதிதான் உண்மை. இங்கிலாந்தில் அந்தப் பாணி அவ்வளவு செழித்ததற்கு உரம் போட்ட காசில் கொஞ்சம் இங்கிருந்து போனது. ஒருவர் மொழிபெயர்த்ததையும் இன்னொருவர் வரைந்ததையும் தாக்கம் என்று எழுதுகிற கலை வரலாறு, செலவுக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

மஞ்சக்குப்பத்தில் இருக்கிற கார்டன் ஹவுஸை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர்களின் தோட்ட மாளிகை இங்கேதான். 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை தென்பெண்ணையைக் கடந்து வந்து அந்த மாளிகையையும் மதில் சூழ்ந்த தோட்டத்தையும் பிடித்துக்கொண்டு, ஆயுதத்தைக் கீழே வைத்துச் சோறு பொங்க உட்கார்ந்தது. நவாபின் பிள்ளைகள் படையோடு வந்து விழ, அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினார்கள். இன்று அந்தப் பெயரில் நிற்கிற கட்டடம் மாவட்ட ஆட்சியரோடு சேர்ந்த இடம். கம்பியும் கட்டையும் இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே கொண்டு தளம் போட்டது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். கிளைவ் இருந்த வீடு என்பதைவிட எனக்கு இந்தப் பெருமைதான் பிடிக்கும். ஏனென்றால் அது சட்டையைப் பற்றியதல்ல, உடம்பைப் பற்றியது.

கம்பெனிக் காலத்துக் கட்டடங்களில் உடம்பு யாருடையது? சென்னையில் அவற்றை வரைந்தவர்களில் தொழில்முறைக் கட்டடக் கலைஞர்கள் அரிது. ராணுவப் பொறியாளர்கள்தான் அதிகம். இன்று ராஜாஜி ஹால் என்கிற விருந்து மண்டபத்தை வரைந்த ஜான் கோல்டிங்காம் கம்பெனியின் வானியலாளர், நட்சத்திரம் பார்க்கிறவர். எழும்பூரில் 1821இல் முடிந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய டி ஹாவிலண்ட் ராணுவத்துக்காரர். லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய தேவாலயத்தின் முகப்பு அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த இடம் சதுப்பு. தாங்க வைத்தது எது? சுட்ட மண் உறைகளை வரிசையாக இறக்கிய கிணறுகள். உறைகிணறு நமக்கு சங்க காலத்துச் சரக்கு. மேலே பளிங்கு போல மின்னியது கிளிஞ்சல் சுண்ணாம்பு: சிப்பியைச் சுட்டு, நீற்றி, செக்கில் அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக் கருவும் தயிரும் சேர்த்து, கூழாங்கல்லால் நாள் கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. மெட்ராஸ் சுண்ணம் என்று உலகப் பெயர் வாங்கியது. அக்காலக் கட்டடங்களில் பொதுவாகத் தளம், தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லைக் குறுக்காக நிறுத்திக் கோத்த மெட்ராஸ் ஒட்டு; அதன் மேல் கப்பியும் தட்டோடும். முகப்பு லண்டன் புத்தகத்திலிருந்து வந்தது, மற்றதெல்லாம் கொத்தனார் கையிலிருந்து வந்தது. இதைப் பல்லாடியோவின் தாக்கம் என்று ஒரே வரியில் எழுதினால், சமையல்காரரை விட்டுவிட்டுத் தட்டுக்குப் பாராட்டு வழங்கியதாகும்.

திறனாய்வில் இன்னொரு கறாரும் வேண்டும். தூணைக் கண்ட இடமெல்லாம் பல்லாடியோ இல்லை. இந்தக் கிப்ஸையே பல்லாடியோ கட்சிக்காரர்கள் தங்களவர் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. ஜார்ஜ் டவுனில் உள்ள பச்சையப்பன் மண்டபம் ஏதென்ஸ் கோயிலைப் பார்த்துச் செய்தது. பல்லாடியோவோ கிரேக்க நாட்டுக் கோயில்களைப் பார்த்தவரே அல்லர். பாண்டிச்சேரிப் பூங்காவில் நிற்கிற ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக்காரரின் கைவரிசை. குளம் வெட்டிய ஒரு தமிழ்ப் பெண்ணின் நினைவுக்கு ரோமானிய மண்டபம் எழுப்பி, அதையே புதுச்சேரி அரசு சின்னமாகவும் வைத்துக்கொண்டிருப்பது தனிக் கட்டுரைக்கான வேடிக்கை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் தமிழ் மண்ணில் பல்லாடியோவின் நேர்வாரிசு என்று சொல்ல மிஞ்சுவது குறைவு.

இந்தியாவில் அவருடைய உடம்புக்கு மிக அருகில் வந்த கட்டடம் என்று கேட்டால் நான் கல்கத்தாவைத்தான் சொல்வேன். மோசெனிகோ என்ற பிரபுவுக்காகப் பல்லாடியோ ஒரு வீடு வரைந்து புத்தகத்தில் போட்டார். நடுவீட்டிலிருந்து நான்கு மூலைக்கும் நான்கு கைகள் வளைந்து நீளும். அது கட்டப்படவே இல்லை. இங்கிலாந்தில் கர்சன் குடும்பத்துக் கெடில்ஸ்டன் மாளிகைக்கு அந்த நான்கு கைத் திட்டத்தை எடுத்தார்கள். இரண்டு கையோடு நின்றுவிட்டது. 1799இல் தொடங்கி 1803இல் முடிந்த கல்கத்தா கவர்னர் மாளிகையில் சார்லஸ் வியாட் நான்கு கையையும் நீட்டினார். பின்னாளில் கர்சன் வைசிராயாக வந்து, தன் சொந்த வீட்டின் முழு வடிவத்தில் இங்கே குடியிருந்தார். ஆனால் எனக்கு முக்கியம் அந்த வேடிக்கையல்ல. இத்தாலியில் காகிதமாகவும் இங்கிலாந்தில் பாதியாகவும் நின்ற திட்டம் வங்காளத்தில் ஏன் முழுமை பெற்றது? புழுக்கம். நான்கு கை பிரிந்து நின்றால் எந்தத் திசைக் காற்றும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நுழையும். அங்கே ஆடம்பரத்தோடு பயனும் சேர்ந்தது. வெப்பத்துக்கும் குளிருக்கும் அறை பிரித்துச் சொன்ன பல்லாடியோ இதைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

அவருடைய அளவுகள் எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவான அழகு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ருடால்ஃப் விட்கோவர் 1949இல் எழுதிய புத்தகம் அந்த அளவுகளுக்குப் பின்னால் இசைக் கணக்கு இருப்பதாகக் காட்டி ஒரு தலைமுறையையே மயக்கியது. அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே நம் பக்கத்திலிருந்து ஒரு பதில் போயிருந்தது. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம்ராஸ், மானசாரம் முதலான சிற்ப நூல்களை ஸ்தபதிகளின் உதவியோடு படித்து, நம் தூண் வகைகளின் அளவை ரோமத் தூண் வகைகளோடு பக்கத்தில் பக்கமாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1834இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி அதை வெளியிட்டது. தூணின் தடிமனை வைத்து உயரம், உயரத்தை வைத்து போதிகை, அதை வைத்துக் கொடுங்கை என்று இங்கேயும் ஒரு முழு இலக்கணம் இருந்தது என்பதை அந்த நூல் காட்டிவிட்டது. அளவு வேண்டும் என்பது பொது; இந்த அளவுதான் என்பது ஊர் வழக்கம். தமிழ் இலக்கணமும் லத்தீன் இலக்கணமும் இரண்டும் இலக்கணம்தான். அதற்காக லத்தீன் விகுதியைத் தமிழ்ச் சொல்லில் ஒட்ட முடியாது.

குடிகாட்டிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் சிதம்பரம். நான்கு பக்கமும் நான்கு கோபுரம் என்று கேட்கும்போது ரொட்டோண்டாவின் நான்கு முகப்பு நினைவுக்கு வரலாம். உள்ளே போனால் அந்த நினைவு கலைந்துவிடும். ரொட்டோண்டாவில் எந்த வாசலில் நின்றாலும் பார்வை நேராக நடுக்கூடத்தில் போய் விழும். வீடு முழுவதும் ஒரே பார்வையில் கைக்குள் வந்துவிட வேண்டும் என்பது அங்கே கொள்கை. இங்கே நடராஜர் தெற்கு பார்த்து நிற்கிறார். கீழ வாசலில் வருபவர் திரும்பி, சுற்றி, இருட்டுக்குள் போய், கூட்டத்தில் எக்கித்தான் பார்க்க வேண்டும். நேர்கோட்டில் கிடைக்காத தரிசனம்.

அங்கே இன்னொன்று. கோபுரம் இவ்வளவு உயரம், ஆயிரங்கால் மண்டபம் அவ்வளவு அகலம். எல்லாவற்றுக்கும் மூலமான சிற்றம்பலமோ ஒரு குடிசை வடிவம். மரச் சுவர், சரிந்த கூரை. அந்தக் கூரைக்குத்தான் பொன் ஓடு. 21,600 என்பது வழிவழிக் கணக்கு. வீட்டிலிருந்துதான் கோயில் பிறந்தது என்று பல்லாடியோ சொன்ன யூகம் ரோமுக்குப் பொய்த்தது. சிதம்பரத்தில் அதற்குச் சாட்சி கூரையில் மின்னுகிறது. அவர் கோயிலின் முகத்தை எடுத்து வீட்டுக்கு மாட்டினார். நம்மவர்கள் குடிசையின் கூரையை எடுத்துக் கடவுளுக்கு வேய்ந்தார்கள். இரண்டில் எது துணிச்சல் என்று எனக்கு அடிக்கடி ஐயம் வரும். நான் சிதம்பரத்தின் பக்கம்தான் சாய்வேன், ஊர்ப்பற்று என்று யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் சொந்த ஊர் கானாடுகாத்தான். அந்தப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் ஐரோப்பியத் தூணும் முகப்பும் பொங்கி வழியும். விக்டோரியா மகாராணியும் கஜலட்சுமியும் ஒரே நெற்றியில் உட்கார்ந்திருப்பார்கள். இதைக் கண்டு முகம் சுளிக்கிற சுத்தக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெருவிலிருந்து கொல்லைவரை பார்வை ஒரே நேராகப் போகும்: முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. வளவில் வானம் உண்டு, மழை நீர் உண்டு, சுற்றிலும் பத்தி உண்டு. உடம்பு முழுக்கத் தமிழ் வீடு. சட்டை மட்டும் வெளிநாட்டுத் துணி. அந்தத் துணியை உடம்புக்கு ஏற்ப வெட்டத் தெரிந்த தையல்காரர்கள் அங்கே இருந்தார்கள். பல்லாடியோவுக்கு உண்மையான மாணவர்கள் என்று நான் சொல்வது, அவர் பெயரையே கேட்டிராத இவர்களைத்தான்.

இப்போது குடிகாட்டு வீட்டுக்குள் போவோம். ஹால், இரண்டு பெட்ரூம், கிச்சன். முற்றம் இல்லை. திண்ணை இல்லை. தானே புயல் 2011இல் இந்தப் பக்கத்துக் கூரை வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு கான்கிரீட்தான் பாதுகாப்பு என்று ஆனது. அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, ஓலைக்கடியில் அந்த இரவைக் கழித்தவர்களின் முடிவு அது. ஆனால் ‘போர்டிகோ’ என்ற சொல்லுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். ரோமில் கோயிலின் தூண் மண்டபம். பல்லாடியோ கையில் பண்ணை வீட்டு முகம். கம்பெனிக்காரன் காலத்தில் துரை பல்லக்கிலும் சாரட்டிலும் வந்து இறங்குகிற இடம். தமிழில் இன்று கார் நிறுத்துமிடம். வழிப்போக்கன் படுத்து எழுந்து போன திண்ணையின் இடத்தில், பூட்டிய கிரில் கதவுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய வண்டி நிற்கிறது. இந்த இழப்புக்குப் பல்லாடியோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் வாசல் என்பது மற்றவர்கள் பார்ப்பதற்கு என்ற எண்ணத்தை வாசலில் மற்றவர்கள் உட்காரலாம் என்ற எண்ணத்துக்கு மேலே தூக்கி வைத்ததில் அவர் பாணிக்குப் பங்கு உண்டு.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கட்டடக் கலைஞராகப் பல்லாடியோ முதல் வரிசை; அதில் பேரம் இல்லை. அவருடைய நிலைத்த தாக்கம் என்று உலகம் கொண்டாடுவதில், அவர் யோசித்த பண்ணையும் பருவமும் அளவும் மிகக் குறைவு. அவர் தப்பாக யூகித்த முகப்புதான் மிக அதிகம். நம் மண்ணில் அது இன்னும் மோசம்: முகப்பு அதிகாரத்தின் சட்டையாக வந்தது, அதைத் தாங்கிய உடம்பின் சொந்தக்காரர்கள் பெயரில்லாமல் போனார்கள். கல்கத்தா ஒன்றை விலக்காகச் சொல்லலாம். நகரத்தார் வீடுகளை இன்னொரு விலக்காகச் சொல்லலாம், அங்கே கற்றது அவரிடமிருந்து அல்ல என்றாலும்.

ராஜாஜி ஹாலை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில்தான் நான் தடுமாறினேன். 1802இல் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் ஆளுநராக இருந்தபோது, பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணப் போர் வெற்றிகளைக் கொண்டாடத் திறந்த மண்டபம். உயர்ந்த பீடமும் அகன்ற படிக்கட்டும் எதற்காக? கீழே நிற்பவன் கீழே நிற்பவனாகத் தெரிவதற்காக. அதே படிக்கட்டில்தான் 1969இல் அண்ணாவைக் கிடத்தினார்கள். எம்.ஜி.ஆரை, ஜெயலலிதாவை, கருணாநிதியைக் கிடத்தினார்கள். லட்சக்கணக்கான ஜனம் அந்தப் படியை நோக்கி வந்து மாரடித்து அழுதது. வெற்றிக்காக எழுப்பிய உயரம், கடைசியாக ஒருமுறை முகம் பார்ப்பதற்கு வசதியான உயரமாக ஆகிவிட்டது. வரைந்தவர் நினைக்காதது. இதைப் பாணியின் வெற்றி என்று பல்லாடியோ கணக்கில் வரவு வைக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டை பழசாகிப் போன பிறகு வேறொருவர் உடுத்திக் கிழித்துத் தைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது அது.

குடிகாட்டில் கிளம்புவதற்கு முன் டேப்பை வாங்கி அளந்து பார்த்தேன். ரோமன் பில்லரின் விட்டம் 15 அங்குலம், உயரம் 10 அடி. எட்டு மடங்கு; தலையிலிருக்கும் கொரிந்திய இலைக்கு ஒன்பதரை வேண்டும், ஆக ஒன்றரை விட்டம் குள்ளம். இரண்டு தூணுக்கும் நடுவே 10 அடி இடைவெளி. அதுவும் எட்டு விட்டம். கொரிந்தியனுக்கு இரண்டுதான் என்று பல்லாடியோ கோடு கிழித்திருக்கிறார். ரொம்பத் தாராளமான டஸ்கனுக்கே நான்கு. ஆனால் டஸ்கனுக்கு ஏன் நான்கு விட்டார்? மேலே போகிற உத்தரம் மரம், கல் அல்ல, அதனால் அகலமாக வைக்கலாம் என்று அவரே காரணமும் சொல்கிறார். கோட்டை இழுத்தது அழகு அல்ல, உத்தரம். உத்தரம் கம்பி கட்டிய கான்கிரீட்டாக மாறினால் கோடும் நகரத்தானே வேண்டும்? இலை பொய், குழி வரி பொய். இடைவெளி பொய்யில்லை.

அந்தப் பத்தடியை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கொத்தனாரிடம் கேட்டேன். கையிலிருந்த கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “வீட்டுக்காரரு இன்னோவா வாங்கப் போறாரு. கண்ணாடி இடிக்காம உள்ள வரணும். கதவத் தொறந்தா ஆளும் எறங்கணும்ல?”